தினமும் பாஸ்வேர்டு கேட்கும் லேப்டாப்... மறப்பது யார்? - சர்வீஸ் கடைக்குப் போகும் முன் ஒரு செக்லிஸ்ட்!

"வைஃபை பாஸ்வேர்டு என்ன?" - வீட்டுக்கு வரும் விருந்தாளி கேட்டால் பரவாயில்லை. நேற்றுதான் டைப் செய்து கொடுத்தோம், முந்தாநாளும் கொடுத்தோம் என்ற நிலையில், நம் வீட்டு லேப்டாப்பே இன்று மறுபடியும் கேட்டால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், மேடவாக்கம் எனத் தென்சென்னைப் புறநகர் முழுக்க இன்று தெருவுக்குத் தெரு ஃபைபர் கேபிள் ஓடுகிறது. மகளுக்கு ஆன்லைன் டெஸ்ட், மகனுக்கு இன்டர்வியூ, அம்மாவுக்கு ஈ.பி பில், அப்பாவுக்கு பென்ஷன் விவரம் என்று எல்லாவற்றுக்கும் நெட் வேண்டும். ஆனால், பெரும்பாலான வீடுகளில் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். லேப்டாப் அதை மறந்துவிட்டால், அவர் வேலை முடிந்து மின்சார ரயில் பிடித்து வீடு வந்து சேரும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருந்தால், காத்திருப்பதற்கு நேரமும் இருக்காது.

கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "வைஃபை கார்டு போயிடுச்சுங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டை மறுபடி டைப் செய்ததும் நெட் ஒழுங்காக ஓடுகிறது என்றால், வைஃபை கார்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். பாஸ்வேர்டு அந்த கார்டில் சேமிக்கப்படுவதே இல்லை. நெட்வொர்க்கின் பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு மூன்றும் சேர்ந்த ஒரு சின்னக் குறிப்பாக, லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கில்தான் அது இருக்கும். அந்தக் குறிப்பு எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்தால் போதும். பல நேரம் பைசா செலவில்லாமல் சரியாகிவிடும்.

'ஸ்க்ரீனே வேற மாதிரி இருக்கே!'

எங்கள் தெருவில் ஒரு அக்கா, ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக ஆன்லைனில் வகுப்பு கவனிக்கிறார். லேப்டாப், அவர் தம்பி ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. தம்பி வீட்டில் இருந்து ஆன் செய்து கொடுத்தால் வைஃபை தானாக வந்துவிடும். அக்கா தனியாக ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்கும். "நீ எதையாவது அழுத்தியிருப்ப" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். "ஸ்க்ரீனே வேற மாதிரி இருக்கே" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு கடையில் வைஃபை கார்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் மட்டும் அவருக்கு மூன்று வகுப்புகள் போயின.

அவர் சொன்னதில்தான் விடையே இருந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் மூலம் வழங்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்கள் போட்டுக் கொடுத்தார்கள். 'பாஸ்' என்பது சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய நம்மூர் லினக்ஸ். இப்படி இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்பை ஆன் செய்ததும், எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் சில நொடிகள் வரும். எதையும் தொடாமல் விட்டால் ஏற்கெனவே குறித்துவைத்த சிஸ்டம் தானாகத் திறக்கும். தம்பி கீழே நகர்த்தி விண்டோஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அக்கா தொடாமல் காத்திருந்திருக்கிறார், லினக்ஸ் திறந்திருக்கிறது.

விண்டோஸில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டு லினக்ஸுக்குத் தெரியாது. லினக்ஸில் சேமித்தது விண்டோஸுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பீரோ மாதிரி, சாவி தனித்தனி. இரண்டிலும் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுச் சேமித்ததும் பிரச்னை முடிந்தது. அந்த அக்கா எதையும் தவறாக அழுத்தவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பதும் அரசு லேப்டாப், அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால், முதலில் இதைப் பாருங்கள். லினக்ஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆன் செய்ததும் 'கீரிங்' என்ற பெயரில் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும். அது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, பெரும்பாலும் லேப்டாப்பைத் திறக்கும் லாகின் பாஸ்வேர்டு. இது தெரியாமல் வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வைஃபை இணைப்பின் செட்டிங்ஸில், பாஸ்வேர்டை எல்லா யூஸர்களுக்கும் சேர்த்துச் சேமிக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், வைஃபைக்காக இந்தப் பெட்டி வராது.

ஐந்து நிமிட டெஸ்ட்

ஒரே சிஸ்டம்தான் இருக்கிறது, அப்படியும் மறக்கிறது என்றால், மறப்பது லேப்டாப்பா, ரவுட்டரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் செல்போனே போதும்.

போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள். 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற கட்டத்தில் டிக் செய்து, லேப்டாப்பை அதில் இணையுங்கள். இப்போது லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூடித் திறந்தால் போதாது, முழு ரீஸ்டார்ட் வேண்டும். டெஸ்ட் முடியும்வரை வீட்டு ரவுட்டரை ஆஃப் செய்துவைப்பது நல்லது.

திரும்ப ஆன் ஆனதும் ஹாட்ஸ்பாட்டில் தானாக இணைந்துவிட்டதா? லேப்டாப்பின் ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது. உங்கள் சந்தேகம் ரவுட்டர் பக்கம் திரும்ப வேண்டும். ஹாட்ஸ்பாட்டையும் மறந்துவிட்டதா? கோளாறு லேப்டாப்பில்.

லேப்டாப் மறந்தால்...

சுலபமானதில் தொடங்கி, இந்த வரிசையிலேயே செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு ரீஸ்டார்ட் அவசியம்.

1. டிக் இருக்கிறதா? வைஃபையை நீங்களாக 'டிஸ்கனெக்ட்' கொடுத்து நிறுத்தினால், அடுத்த முறை விண்டோஸ் தானாக அதில் இணையாது. நீங்கள் வேண்டாம் என்றதாக அது எடுத்துக்கொள்ளும். அந்த வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து, 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' கட்டத்தில் மறுபடி டிக் செய்யுங்கள்.

2. மறக்கச் சொல்லுங்கள். பழைய குறிப்பு கெட்டுப்போயிருக்கலாம். செட்டிங்ஸ் - நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் - வைஃபை - மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போனால், சேமித்துவைத்த பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் வைஃபைக்கு 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, புதிதாக இணையுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டு படிகளிலேயே வேலை முடிந்துவிடும்.

3. க்ளீனர் சாஃப்ட்வேர் இருக்கிறதா? 'லேப்டாப்பை வேகமாக்குகிறேன்' என்று வரும் சில இலவச சாஃப்ட்வேர்கள், வேண்டாத ஃபைல்களோடு சேமித்த நெட்வொர்க் விவரங்களையும் பெருக்கித் தள்ளிவிடும். நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

4. பின்னணி சர்வீஸ் ஓடுகிறதா? சேமித்த பெயரைத் தேடி இணைப்பது, விண்டோஸில் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற சர்வீஸின் வேலை. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடி, பட்டியலில் அதைத் திறந்து, ஸ்டார்ட்அப் டைப் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

5. டிரைவர். பெரிய அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா? டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியில் வைஃபை அடாப்டரைத் தேர்ந்தெடுத்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டாம். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸே மறுபடி போட்டுக்கொள்ளும். மூடித் திறக்கும்போது மட்டும் வைஃபை போய்விடுகிறது என்றால், அதே அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரை நிறுத்திவைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்களில் இந்தப் பக்கம் இருக்காது.

6. நெட்வொர்க் ரீசெட். இது கடைசி ஆயுதம். சேமித்த எல்லா வைஃபை பெயர்களும் பாஸ்வேர்டுகளும் அழிந்துபோகும். வி.பி.என் போன்றவற்றையும் மறுபடி அமைக்க நேரலாம். அலுவலக லேப்டாப் என்றால், உங்கள் ஐ.டி பிரிவைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி... ஆன் செய்யும்போதெல்லாம் லேப்டாப்பின் தேதி சில வருடங்கள் பின்னால் போய் நிற்கிறதா? உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். தேதி தவறாக இருந்தால் வைஃபை இணைந்திருந்தும் பல தளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கும். பார்ப்பவர்கள் வைஃபை கோளாறு என்றே நினைப்பார்கள். பல மாடல்களில் இதற்கு மாற்ற வேண்டியது சின்ன பேட்டரியை மட்டும்தான்.

ரவுட்டர் மாறியிருந்தால்...

சேமித்த குறிப்பும் ரவுட்டரும் அப்படியே பொருந்த வேண்டும். பெயரில் ஒரு கேபிடல் எழுத்து மாறினால்கூட, லேப்டாப்புக்கு அது வேறு நெட்வொர்க்தான். லைன் சரிபார்க்க வந்தவர் ரவுட்டரை ரீசெட் செய்தாரா, பின்பக்கச் சின்ன ஓட்டையில் குழந்தைகள் யாராவது குச்சியை விட்டார்களா என்று விசாரியுங்கள். ரீசெட் ஆகியிருந்தால், பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதற்கே திரும்பியிருக்கும்.

புது ரவுட்டர், பழைய லேப்டாப் என்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. அடுத்து, 2018-ல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ 3 பாதுகாப்பு முறையைப் பழைய லேப்டாப்கள் பல புரிந்துகொள்ளாது. சரியான பாஸ்வேர்டு போட்டாலும் இணையாது. ரவுட்டர் செட்டிங்கில் டபிள்யூ.பி.ஏ 2, 3 இரண்டும் சேர்ந்த முறையை வைக்கச் சொல்லி இணைப்புத் தருபவரிடமே கேளுங்கள்.

மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வரும் நம் ஏரியாக்களுக்கு ஒரு குறிப்பு. கரன்ட் வந்ததும் ரவுட்டர் முழுதாக எழுந்திருக்க ஓரிரு நிமிடங்கள் ஆகும். அதற்குள் லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டருக்கென்றே வரும் மினி யு.பி.எஸ் வாங்குவதாக இருந்தால், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து வாங்குங்கள்.

தினமும் கேட்பதே வழக்கமான இடங்கள்

சில இடங்களில் மறப்பவர் யாருமே இல்லை. தினமும் கேட்பதுதான் அங்கே விதி. ரயில் நிலையங்களில் ரயில்டெல் தரும் 'ரயில்வயர்' வைஃபையில் மொபைல் நம்பர் கொடுத்து ஓ.டி.பி போட வேண்டும். பி.ஜி ஹாஸ்டல்களிலும் கல்லூரிகளிலும் பிரவுஸரில் லாகின் பக்கம் வரும். லேப்டாப் பெயரைத்தான் ஞாபகம் வைத்திருக்கும், அந்த லாகினை அல்ல.

ஹாஸ்டலில் உங்கள் லேப்டாப்பைப் பதிவு செய்த பிறகும் 'அனுமதியில்லை' என்று வந்தால், வைஃபை செட்டிங்கில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் தன் அடையாள எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தால், வாட்ச்மேனுக்கு முகம் தெரியாதது மாதிரி, அங்குள்ள ரவுட்டர் உள்ளே விடாது. அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அதை ஆஃப் செய்யலாம். கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களிலோ, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய நிலைக்கே திரும்பும்படி சாஃப்ட்வேர் போட்டிருப்பார்கள். அங்கே சேமிக்க முயலவே வேண்டாம்.

பாஸ்வேர்டு ஒருவர் சொத்தல்ல!

எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகும் முன் முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் எடுத்துவையுங்கள். "வைஃபை வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பாஸ்வேர்டு போட்டால் வேலை செய்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் மறக்கிறது, போன் ஹாட்ஸ்பாட்டையும் மறக்கிறது" என்று சொல்லுங்கள். இவ்வளவு விவரமாகச் சொல்பவரிடம் தேவையில்லாத பார்ட்ஸை மாற்றச் சொல்வது கடினம். கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாஸ்வேர்டு தெரியட்டும். அது யாருக்கும் நினைவில்லை என்றாலும் கவலையில்லை. ஏற்கெனவே இணைந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனின் வைஃபை செட்டிங்கில் 'ஷேர்' கொடுத்தால் க்யூ.ஆர் கோடு வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் இருக்கும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பிலும், வைஃபை பெயருக்கான செட்டிங்கில் பாஸ்வேர்டைப் பார்க்கும் வசதி இருக்கிறது.

பார்த்து, கேபிடல் எழுத்து, சின்ன எழுத்து மாறாமல், கேஸ் புக்கும் ரேஷன் கார்டும் வைக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஹால் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டாம். வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும். இணைப்பு கொடுத்தவரின் போன் நம்பரையும் அதே தாளில் குறித்துவிட்டால், அடுத்த முறை லேப்டாப் மறந்தாலும் வீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை!