பள்ளிச் செவிலியர் பயிற்சியும் சான்றிதழும் (ஐக்கிய அமெரிக்கா)

பள்ளிச் செவிலியர் என்பவர் பள்ளி வளாகத்திலேயே மாணவர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் செவிலியர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் இப்பணி 1902 அக்டோபரில் நியூயார்க்கில் தொடங்கியது. அதற்கு முன் கண்நோய், தோல்நோய், பேன் தொல்லை கண்ட பிள்ளைகளை மருத்துவர்கள் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பினர். அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு விடை இல்லை. லில்லியன் வால்டின் முயற்சியால் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனையாக அமர்த்தப்பட்டார். பள்ளியிலேயே மருந்திட்டார், வீடுகளுக்கும் சென்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார். 1902 செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்டோர் 10,567 பேர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 பேர்.

இன்று இப்பணிக்கு வர விரும்புபவர் முதலில் செவிலியர் படிப்பை முடித்து, என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வில் தேறி, மாநிலச் செவிலியர் வாரியத்திடம் உரிமம் பெற வேண்டும். ஈராண்டு இணைப்பட்டம் பெற்றவரும் இத்தேர்வை எழுதலாம். ஆனால் பள்ளிப் பணிக்கு நான்காண்டு இளநிலைப் பட்டமே வேண்டும் என்பது தேசியப் பள்ளிச் செவிலியர் சங்கத்தின் நிலைப்பாடு.

இதற்கு மேல் என்ன தேவை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் உரிமமும் இளநிலைப் பட்டமும் உள்ளவருக்கு ஐந்தாண்டுக்கான தொடக்கநிலைத் தகுதிச்சான்று கிடைக்கும். அதைப் புதுப்பிக்க முடியாது. அந்தக் காலத்துக்குள் பள்ளிச் செவிலியர் பயிற்சித் திட்டத்தையும் இரண்டு ஆண்டு அனுபவத்தையும் நிறைவு செய்தால்தான் முழுத் தகுதிச்சான்று.

என்.சி.எஸ்.என். எனப்படும் தேசியச் சான்றிதழ் வேறு. மாணவர்கள் பலர் இதையும் உரிமத்தையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகின்றனர். உரிமம் இல்லாமல் பணியாற்ற முடியாது. இச்சான்றிதழோ விரும்பியவர் பெறுவது. இதற்கான தேர்வை எழுத உரிமம், இளநிலைப் பட்டம் ஆகியவற்றோடு பள்ளிச் செவிலியப் பணி அனுபவமும் கேட்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

மருத்துவமனையில் ஐயம் வந்தால் அருகில் மருத்துவர் இருப்பார். பள்ளியில் பெரும்பாலும் செவிலியர் ஒருவரே. ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகை நீரிழிவு, கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதுவதும், மூச்சுத் திணறும் பிள்ளைக்கு எபிநெஃப்ரின் ஊசி போட வேண்டுமா என்று அந்த நொடியில் முடிவெடுப்பதும் அவர் பொறுப்பு. ஆகவே இப்பயிற்சியில் குழந்தை வளர்ச்சி, பொதுச் சுகாதாரம், கல்விச் சட்டம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. தாம் இல்லாத வேளையில் எந்த வேலையை ஆசிரியரிடமோ அலுவலக ஊழியரிடமோ ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதையும் மாநிலச் சட்டப்படி அவர் அறிந்திருக்க வேண்டும்.