தண்டம் வரட்டும், தகவல் அதற்கு முன்னே வரட்டும்

மாத்தளை மாவட்டத்தில் ஒரு முச்சக்கரவண்டியின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க உரிமையாளர் மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டும். புகைப் பரிசோதனை நிலையத்தில் ஒரு சான்றிதழ், காப்புறுதி நிறுவனத்தில் இன்னொரு சான்றிதழ், இரண்டும் கைக்கு வந்த பிறகு பிரதேச செயலகத்தின் கருமபீடம். லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் என்று நான்காவது வாசலும் உண்டு. இவற்றின் காலாவதி நாள்கள் ஒன்றோடொன்று பொருந்தி வருவது அபூர்வம். அனுமதிப்பத்திரத்தின் நாள் தவறினால் செயலகத்தில் கட்டணத்தோடு தண்டப்பணமும் சேரும். அதற்குள் வீதியில் பொலிஸார் மறித்துவிட்டால் அதற்கு வேறு தண்டம். தண்டமே கூடாது என்று வாதிடுவதற்கு இடமில்லை. காலக்கெடு இல்லாத வரி எந்த நாட்டிலும் சேர்ந்ததில்லை. ஆனால் கெடு முடியப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் கடமையை நிருவாகம் ஏற்காத வரை, மறந்தவரையும் ஏய்த்தவரையும் இந்தத் தண்டம் ஒன்றாகவே நடத்தும். அப்படி நடத்தும் தண்டத்தால் வரியும் ஒழுங்காகச் சேராது, வீதியும் ஒழுங்குக்கு வராது.

பணம் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வருமான அனுமதிப்பத்திரத்தின் வேர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மோட்டார் வாகன அனுமதிக் கட்டணத்தை மாகாண சபைகளின் வருமானமாக்கியது. ஆகவே மாத்தளையில் செலுத்தப்படும் கட்டணம், கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் கட்டணத்தோடு மத்திய மாகாணத்துக்குச் சேருகிறது. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்கள் இந்தப் பணியை மாகாணத்தின் சார்பில் செய்கின்றன. வீதியில் விதிக்கப்படும் தண்டமோ வேறு கணக்கு. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பட்டியல் 33 போக்குவரத்துக் குற்றங்களுக்கு ஸ்தலத் தண்டம் நிர்ணயித்தது. வருமான அனுமதிப்பத்திரத்தை வாகனத்தில் வைத்திராமைக்கும் அதன் விதிகளை மீறுவதற்கும் தலா 1,000 ரூபாய் என்றது. 14 நாள்களுக்குள் கட்டத் தவறினால் தொகை இரட்டிக்கும். 28 நாளும் கடந்தால் வழக்கு. ஒரே மறதிக்குச் செயலகத்தில் ஒரு விலை, வீதியில் ஒரு விலை, நீதிமன்றத்தில் இன்னொரு விலை.

இந்த விலை எல்லோருக்கும் ஒரே சுமையாக இறங்குவதில்லை. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படை வேதனம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. அந்த வேதனத்தோடு ஒப்பிட்டால் ஒரு ஸ்தலத் தண்டம் ஒரு நாள் உழைப்பில் முக்கால் பங்கு. றத்தோட்டை, எல்கடுவ மலைத் தோட்டங்களில் பழைய மோட்டார் சைக்கிளோ தவணைக்கு வாங்கிய முச்சக்கரவண்டியோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது அரிசிக்கும் பால்மாவுக்கும் ஒதுக்கிய காசு. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் பெரிய லொறி நிறுவனத்துக்கு அதே தொகை ஒரு பயணத்தின் சில்லறைச் செலவு. பெரிய நிறுவனத்தில் காலாவதி நாள்களைப் பார்த்துக்கொள்ளவே ஓர் எழுதுவினைஞர் இருப்பார். தோட்டத்து வீட்டில் அந்த நாள் எங்கோ ஒரு கடதாசியில் கிடக்கும். நிலவமைப்பையும் மறந்துவிடக்கூடாது. ஏ9 வீதியோரத்துப் பலாபத்வலை, நாவுல வாசிகளுக்குப் பட்டினம் கைக்கெட்டும் தூரம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறத்து லக்கல, வில்கமுவ மக்களுக்குப் புகைப் பரிசோதனைக்கும் செயலகத்துக்கும் போய்வருவது ஒரு நாள் வேலை. கூலியை விட்டு அந்த நாளை ஒதுக்க வேண்டியவர் அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவார். அந்த அடுத்த வாரத்தில்தான் நாள் கடந்துவிடும்.

அப்படியானால் மறந்தவரை ஏய்ப்பவரிடமிருந்து பிரித்தறிய முடியுமா? முடியும், அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. காப்புறுதி செல்லுபடியாக இருக்க, அனுமதிப்பத்திரம் மட்டும் சில நாள் பிந்தியிருக்கிறது. எவரும் பிடிக்காமலே உரிமையாளர் தாமாகச் செயலகத்துக்கு வருகிறார். இவர் ஏய்ப்பவர் அல்லர். காப்புறுதியும் இல்லை, புகைச் சான்றிதழும் இல்லை, ஆண்டுக்கணக்கில் நிலுவையும் நிற்கிறது என்றால் அவர் வேறு வகை. இரண்டையும் அடையாளம் காட்டும் தகவல் நிருவாகத்தின் பதிவிலேயே கிடக்கிறது. காப்புறுதி நிறுவனங்களைப் பாருங்கள். தவணை முடிவதற்கு வாரக்கணக்கில் முன்பே தொலைபேசியில் அழைப்பார்கள், குறுஞ்செய்தி அனுப்புவார்கள், முகவர் வீட்டுக்கே வருவார். வாடிக்கையாளரின் மறதி அவர்களுக்கு நட்டம் என்பதால் நினைவூட்டுவது அங்கே தொழிலின் ஒரு பகுதி. மறதி நிருவாகத்துக்கு மட்டும் வருமானமாக இருப்பதால் நினைவூட்டும் அவசரம் அங்கே பிறக்கவில்லை.

அரசுக்கு இதைச் செய்யும் வசதி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. இணையவழி வருமான அனுமதிப்பத்திர முறைமையின் புதிய பதிப்பு 2023இல் அறிமுகமானது. ஒரு வாகனத்தின் இலக்கத்தைக் கொடுத்தால் அதன் கட்டணத்தையும் காலாவதியையும் கணக்கிடும் முறைமைக்கு, அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே உரிமையாளரை அழைக்கத் தெரியாதா? அதைவிடப் பெரிய சான்று 2022 எரிபொருள் நெருக்கடி. பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, கியூஆர் குறியீட்டுடன் தேசிய எரிபொருள் அட்டையை அரசு அறிமுகப்படுத்தியது. வாகனத்தின் அடிச்சட்ட இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிடப்பட்டது. உரிமையாளரின் கைத்தொலைபேசி எண் அதோடு இணைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான வாகனங்கள் சில வாரங்களில் பதிவாகின. 2023 செப்டெம்பரில் கைவிடப்படும்வரை அந்த முறை ஓடியது. வாரத்துக்கு எத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்க முடிந்த அரசுக்கு, வருடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய காரியமல்ல.

நினைவூட்டலுக்கு உண்மையில் பலன் உண்டா என்பதற்கு பிரித்தானிய அனுபவம் நல்ல பாடம். 1921 முதல் அங்கே வாகனக் கண்ணாடியில் ஒட்டப்பட்டுவந்த வட்ட வரிச்சீட்டு 2014 ஒக்டோபர் முதலாம் திகதி ஒழிக்கப்பட்டது. எல்லாம் கணினியில் இருக்கிறது, கடதாசி எதற்கு என்பதே காரணம். 2013இல் வரி கட்டாமல் ஓடிய வாகனங்கள் 0.6 சதவீதம் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு மதிப்பிட்டிருந்தது. 2015இல் அது 1.4 சதவீதமாகவும் 2017இல் 1.8 சதவீதமாகவும் ஏறியது. இழந்த வருமானத்தின் மதிப்பீடு 35 மில்லியன் பவுணிலிருந்து 107 மில்லியனுக்குப் போனது. இந்த உயர்வு முழுவதையும் சீட்டின் மறைவோடு முடிச்சுப்போட முடியாது. வாகனம் கைமாறும்போது பழைய வரி புதிய உரிமையாளருக்குச் சேராது என்ற விதியும் அப்போதே வந்தது. எனினும் தண்டம் அப்படியே இருக்க ஏய்ப்பு மூன்று மடங்கானது என்பது கவனிக்கத்தக்கது. தினமும் கண்ணில் பட்ட ஒரு நாள், கண்ணிலிருந்து போய்விட்டது. அதே நாட்டில் நடந்த இன்னொரு சோதனையில், வரி கட்டாதவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அவர்களுடைய வாகனத்தின் படத்தையும் சேர்த்தார்கள். பணம் கட்டியோர் 40 சதவீதத்திலிருந்து 49 சதவீதமானார்கள். கூடுதலாக ஒரு பவுண் தண்டமும் விதிக்கவில்லை. கடிதம் தனக்குத்தான் என்று ஆள் உணர்ந்தார், அவ்வளவுதான்.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானதே. வாகனம் வாங்கத் தெரிந்தவருக்கு அதன் நாளை நினைவில் வைக்கத் தெரியாதா? அனுமதிப்பத்திரத்திலேயே காலாவதி நாள் அச்சாகியிருக்கிறதே? பொறுப்பு உரிமையாளருடையதுதான், அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தண்டத்தின் வேலை அடுத்த முறை சரியாக நடக்கச் செய்வது. தெரிந்தே தவறுபவர் தண்டத்துக்கு அஞ்சுவார். மறந்தவருக்கோ மறந்த கணத்தில் தண்டமும் நினைவில் இருப்பதில்லை. தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் இது மாறாது. நினைவூட்டல் கிடைத்த பிறகும் புதுப்பிக்காதவருக்குச் சாக்கு எதுவும் மிஞ்சாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னறிவித்தல் தண்டத்தின் நியாயத்தைக் கூட்டுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் வருமானம் பற்றியது. மாகாண சபைகளுக்குச் சொந்த வருமான வழிகள் குறைவு. தண்டத்தை இளக்கினால் அதுவும் சுருங்காதா? நாள் தவறாமல் வரும் கட்டணமே மாகாணத்தின் நிலையான வருமானம். தண்டம் அதன் ஓரத்தில் ஒட்டிய சிறு தொகை. கெடு கடந்தவர் தண்டம் கூடிப்போய்விட்டதே என்று மேலும் தயங்கும்போது, ஒரு மாத நிலுவை ஓராண்டு நிலுவையாகிறது. பிறகு அந்த வாகனம் பொலிஸ் நிற்காத தோட்டப் பாதைகளில் மட்டும் ஓடும். அதோடு அதன் காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் கைவிடப்படும். விபத்தில் அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைக்காமல் போவது அப்போதுதான். அனுமதிப்பத்திரம் வெறும் வரிச்சீட்டாக இல்லாமல் காப்புறுதியையும் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையையும் ஆண்டுதோறும் இழுத்துப்பிடிக்கும் கயிறாக இருப்பதால், அதிலிருந்து ஆட்கள் நழுவுவது பணநட்டத்தைவிடப் பெரிய நட்டம். தமிழ்நாட்டில் தனியார் மோட்டார் சைக்கிள்களுக்கும் கார்களுக்கும் பதிவின்போதே வாழ்நாள் வரி வாங்கிவிடுவதுபோல் இங்கும் செய்யலாமே என்ற யோசனைக்கும் இதுவே பதில். அங்கே மறதிக்கு இடமில்லை, உண்மை. ஆனால் இங்கே ஆண்டுப் புதுப்பிப்பை எடுத்துவிட்டால் அந்தக் கயிறு அறுந்துபோகும்.

மூன்றாவதாக, எல்லாம் இணையத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்தே புதுப்பிக்கலாமே என்பார்கள். கட்டணத்தை இணையத்தில் செலுத்தலாம். புகைப் பரிசோதனையை இணையத்தில் செய்ய முடியாது. வங்கி அட்டை இல்லாத உரிமையாளர்கள் மலைத் தோட்டங்களில் ஏராளம். முறைமையே படுத்துவிடும் நாள்களும் உண்டு. 2025 ஒக்டோபரில் அரசின் கணினி முகில் சேவை பழுதடைந்தபோது பல இணையச் சேவைகள் நாள்கணக்கில் தடைப்பட்டன, அனுமதிப்பத்திரச் சேவையும் அவற்றுள் ஒன்று. அடுத்த மாத இறுதியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவவில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியது. மலைப் பாதைகள் மண்ணுக்குள் போயின. கொவிட் ஊரடங்கின்போது காலாவதியானவற்றைத் தண்டமின்றிப் புதுப்பிக்க அவகாசம் அறிவித்தார்கள். நல்ல முன்னுதாரணம். ஆனால் ஒவ்வோர் அனர்த்தத்துக்கும் தனித்தனி அறிவித்தல் வரும்வரை மக்கள் காத்திருக்கக்கூடாது. அனர்த்தம் பிரகடனமான பிரதேச செயலகப் பிரிவில் கெடு தானாகவே தள்ளிப்போகும் என்பது விதியாகவே எழுதப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை ஐந்து. காலாவதிக்கு 30 நாள் முன்பும் 7 நாள் முன்பும் உரிமையாளரின் மொழியில் குறுஞ்செய்தி போக வேண்டும். தோட்டத் தமிழருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் போகும் செய்தி நினைவூட்டலாகாது. எண் மாறியவர்களுக்காக, புகைப் பரிசோதனைச் சீட்டிலும் காப்புறுதிச் சான்றிதழிலும் அனுமதிப்பத்திரத்தின் நாளையும் அச்சிட வேண்டும். செல்லுபடியான காப்புறுதியுடன் தாமாக வருபவருக்கு, முதல் தடவையாயின் 14 நாள் சலுகை வேண்டும். மீண்டும் தவறினால் முழுத் தண்டம். லக்கல, வில்கமுவ, அம்பன்கங்க கோறளை போன்ற பிரிவுகளில் புகைப் பரிசோதனையும் அனுமதிப்பத்திரமும் ஒரே இடத்தில் முடியும் நடமாடும் சேவையை மாதம் ஒரு நாளாவது நடத்த வேண்டும். ஏற்கெனவே சட்டத்தில் உள்ள ஒரு வசதியையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்: பழுதாகிக் கிடக்கும் வாகனத்தைப் பயன்பாட்டில் இல்லை என்று முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க இடமுண்டு. இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை ஏறவிட்டு, விற்கப் போகும்போது திகைப்பவர்கள் பலர்.

மத்திய மாகாண சபை 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. அதன் பிறகு மாகாண நிருவாகம் ஆளுநரின் கையில் வந்தது. இந்தக் கட்டணத்தையும் தண்டத்தையும் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமற் போனார்கள். கேட்கும் குரல் இல்லாத இடத்தில் நிருவாகத்தின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஆளுநரும் பிரதம செயலாளரும் நினைத்தால் முதல் குறுஞ்செய்தியை அடுத்த நிதியாண்டிலேயே அனுப்பலாம். அதுவரை வாகனம் வைத்திருப்போர் தம் அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றின் நாள்களையும் கைத்தொலைபேசியில் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.