மின்பிறப்பாக்கியின் வேகக் கோளாறுகள்

வன்னிப் பெருநிலத்து மக்களுக்குச் சிறு மின்பிறப்பாக்கி புதிய பொருளன்று. 1990ஆம் ஆண்டின் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் நெடுங்காலம் பொது மின்சாரமின்றி இருந்தன. அந்நாட்களில் பெற்றோல் அரிதாகவே, சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கமும் பரவிற்று. 2009இல் போர் முடிந்தபின் மின்கம்பிகள் மீண்டும் வந்தன. ஆயினும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதையும், 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் எவரும் மறந்திலர். இன்சுலின் மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பேணும் இல்லங்களுக்கு இவ்வியந்திரம் ஆடம்பரமன்று, உயிர்த்துணையாகும்.

இத்துணைக்கருவி செவ்வனே பயன்பட வேண்டுமாயின், அதன் வேகம் நிலையாக இருத்தல் வேண்டும். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் என்னும் அளவில் வழங்கப்படுகிறது. இரு காந்த முனைகளையுடைய சாதாரண மின்பிறப்பாக்கி நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றாற்றான் இந்த 50 ஹேட்ஸ் மீடிறன் கிட்டும். வேகம் 2700 ஆகக் குறையின் மீடிறன் 45 ஆகும். வேகமும் வோல்ற்றளவும் தாழும்போது குளிர்ப்பெட்டியின் மோட்டர் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிக் கருகவும் கூடும். வோல்ற்றளவைத் தானே சீர்செய்யும் உறுப்புச் சில இயந்திரங்களில் உண்டாதலின், வோல்ற்றளவு மட்டும் வேகத்தைக் காட்டாது. மீடிறனையே அளந்து பார்த்தல் வேண்டும். பளுவில்லாதபோது 52 ஹேட்ஸ் அளவில் நின்று, முழுப்பளுவில் 50ஐ அண்மித்தல் இயல்பே.

வேகத்தைக் காப்பது கவர்னர் என்னும் சீராக்கியாகும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இயந்திரத்திற் பொருத்திய சுழல்குண்டுகளின் தத்துவமே இங்கும் செயற்படுகிறது. சுருள்வில் ஒன்று காபரேற்றரின் வாயிற்கதவைத் திறக்க முயல்கிறது. வேகம் மிகுந்தால், சுழலும் எடைகள் விரிந்து அக்கதவை மூட முயல்கின்றன. இவ்விரண்டின் சமநிலையே வேகமாகும்.

வேகம் தவறியவுடன் இச்சுருள்வில்லை வளைக்க முற்படுவோர் பலர். அது முறையன்று. பெரும்பாலும் குற்றம் எரிபொருளிலோ காற்றிலோ பளுவிலோ இருக்கும். அவற்றைச் சோதித்த பின்னரே சீராக்கியைத் தொடுதல் வேண்டும்.

பளுவில்லாதபோது ஓசை ஏறியும் இறங்கியும் அலைபாயின், சோக்கைச் சற்றே மூடிப் பார்க்கலாம். அலைவு அடங்குமாயின், கலவையில் எரிபொருள் போதாமை உறுதியாகும். மாதக்கணக்கில் தாங்கியில் தேங்கிய பெற்றோல் பிசினாகப் படிந்து காபரேற்றரின் நுண்துளையை அடைத்திருக்கும். அன்றேல் இணைப்பின் வழியே காற்றுக் கசியும். துளையைக் கழுவித் துப்புரவாக்கிப் புதிய பெற்றோல் இடுதலே பரிகாரம். மழைக்காலத்தை எதிர்நோக்கி இயந்திரத்தைக் காப்போர், வைக்குமுன் காபரேற்றரின் எரிபொருளை வடித்துவிடுதல் நன்று.

பளுவேற்றியதும் வேகம் தாழ்ந்து மீளாதிருப்பின், முதலிற் சாதனங்களைக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். நீரிறைக்கும் மோட்டர் தொடங்கும் கணத்தில் வழமையிலும் பன்மடங்கு மின்னோட்டத்தை வேண்டும். அக்கணம் ஓசை தாழ்ந்து, சில விநாடிகளில் மீளுமாயின் குற்றமில்லை. மீளாவிடின் காற்றுவடியை நோக்குக. கிளிநொச்சியின் செம்மண் புழுதி அதனை விரைவில் அடைத்துவிடும். வடியைக் கழற்றிவிட்டு ஓட்டுதலோ உருளையையே தேய்த்தழிக்கும். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றும் பழைய வழக்கமும் வலுக்குறைவுக்கு ஏதுவாகும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி உராய்வு நீக்கும் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்கிறது.

நெடுநேரம் நன்கோடியபின் மெல்ல வலுவிழந்து நிற்கும் இயந்திரத்தில், தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் ஓட்டம் சீராகுமாயின் காரணம் அதுவே.

இவற்றுள் அஞ்சத்தக்கது மிகைவேகம். சீராக்கியின் இணைப்புக் கழன்றாலும், கதவு இறுகித் திறந்தே நின்றாலும் வேகம் கட்டுக்கடங்காது உயரும். அப்போது ஆராய்ந்து நிற்றலாகாது. உடனே நிறுத்திக் கைதேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இன்வேட்டர் வகை இயந்திரம் பளுவிற்கேற்பத் தன் வேகத்தை மாற்றுதல் அதன் அமைப்பேயன்றிக் கோளாறன்று என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

எத்துணைச் சீராக ஓடினும், மின்பிறப்பாக்கியை வீட்டினுள்ளோ விறாந்தையிலோ இயக்குதல் ஆகாது. மழை பெய்கிறதென்று உள்ளே எடுத்து வைத்த இயந்திரம், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயுவால் உறங்குவோரின் உயிரைக் கவர்ந்துவிடும். திறந்த வெளியில், வாசலுக்கும் யன்னலுக்கும் எட்ட, மழைபடாத மறைப்பின் கீழ் அதனை வைப்பதே தக்கது.