தண்ணீர்ச் சீட்டைப் படித்துப் பார்த்தீர்களா?

மளிகைக் கடைச் சீட்டை வரி வரியாகப் பார்க்கிறீர்கள். புளிக்கு ஒரு ரூபாய் கூடினாலும் கடைக்காரரை விடுவதில்லை. தண்ணீர் பில் வந்தால் மட்டும் அடியிலுள்ள தொகையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு! "குழாயைத் திறந்தே போட்டிருந்தாயா?" என்று வீட்டுக்காரர் கேட்டால் பதிலும் இல்லை.

பாகூர்ப் பக்கத்துக் கடலோரத்தில் பனித்திட்டு என்று ஓர் ஊர். இப்படிப்பட்ட கரையில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். பிறகு கிணறு இருந்தும் குழாயைத்தானே நம்ப வேண்டும்? புதுச்சேரியின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதென்று 2021-இல் அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 8,250 லிட்டர்.

இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பில்லில் 'யூனிட்' என்றிருப்பது பெரும்பாலும் 1,000 லிட்டர். ஆக, எட்டேகால் யூனிட். மீட்டரில் கறுப்பு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எண்கள் லிட்டர்க் கணக்கு. இப்போதைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழித்தால் செலவு தெரிந்துவிடும். மீட்டரில்லாத வீட்டுக்கு மாதம் இவ்வளவென்று ஒரே தொகை. அங்கே நிலுவையை மட்டும் பார்த்தால் போதும்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல ஊர்களில் செலவு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். கணக்கெடுப்பவர் ஒரு மாதம் வராமல் போய், இரண்டு மாதத்து 18 யூனிட்டை ஒரே மாதத்தில் போட்டால், மாதம் ஒன்பதாக இருந்த நீங்கள் உயர்ந்த விலைக்குப் போய்விடுவீர்கள். தேதிகளைப் பாருங்கள். 'சராசரி' என்று எழுதியிருந்தால் அது மீட்டர் அளவைப் பார்த்துப் போட்ட கணக்கில்லை என்று அர்த்தம்! மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், எழுத்து மூலமாகவே கேளுங்கள். வாய்ச் சொல் மேஜையைத் தாண்டாது.

எல்லாம் சரியாக இருந்தும் தொகை கூடுகிறதா? சொட்டும் குழாயின் கீழ் ஒரு லிட்டர்ச் சொம்பை வையுங்கள். ஒரு மணியில் நிரம்பினால் மாதத்துக்கு 720 லிட்டர், ஏறக்குறைய முக்கால் யூனிட்! சொட்டே காணவில்லையென்றால், இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டி நிரம்பியதும் மீட்டரின் சிவப்பு எண்ணைக் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் முதல் குடம் பிடிக்கும் முன் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ கசிகிறது; குழாய்க்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். வீட்டுக்காரருக்கும் பதில் கிடைத்துவிட்டது!