வர்த்தக வழக்கும் வாதத் திறனும்

பாரிஸ்டர் என்றதும் கொலை வழக்கில் முழங்குபவரே நம் மனக்கண்முன் தோன்றுவார். கப்பற் கூலிக்கும் காப்புறுதிப் பணத்துக்கும் வாதாடுவோரின் தொழிலோ வேறு. அங்கே முழக்கத்துக்கு இடமில்லை. ஒப்பந்தத்தின் ஒரு சொல்லிலே பெருஞ் செல்வம் தொங்கும்.

இத்துறையில் தோமஸ் எட்வேட் ஸ்கிறட்டனின் பெயர் பெரிது. கப்பல் வாடகை ஒப்பந்தங்களைப் பற்றி அவர் 1886-இல் எழுதிய நூல், பல பதிப்புகள் கண்டு இன்றும் வழக்கறிஞர் கையில் இருக்கின்றது. அக்காலத்து இலண்டன் வணிகர், வர்த்தகம் அறியாத நீதிபதிகளிடம் சிக்கித் தவித்தனர். கப்பற் சேதச் செலவைப் பங்கிடும் வழக்கொன்றில் நீதிபதி லோறன்ஸ் திணறிய கதை பரவிய பின்னரே, 1895-இல் வர்த்தக வழக்குகளுக்கெனத் தனிப் பட்டியல் பிறந்தது. ஸ்கிறட்டன் 1910-இல் நீதிபதியானார். 1916-இல் மேன்முறையீட்டு மன்றத்துக்கு உயர்ந்தார். தெளிவற்ற வாதத்தை அவர் பொறுக்கமாட்டார், கடிந்தே பேசுவார். அச்சத்தினாற் கல்வி வரும் என்று கூற நாம் துணியோம்.

நெடுங்காலமாக இளம் பாரிஸ்டர் மூத்தவரின் அருகிருந்து பார்த்தே பழகினார். அவர் தவறினால் நட்டம் கட்சிக்காரருக்கு! அவுஸ்திரேலிய நீதிபதி ஜோர்ஜ் ஹம்பலின் பெயரால் வழங்கும் பயிற்சி முறை வேறு விதமானது. மாணவர் சிறிது நேரம் வாதாடுவார். ஆசிரியர் ஒரேயொரு குறையை எடுத்து, மாணவரின் சொற்களையே திருப்பிச் சொல்லி, அது ஏன் பிழை, எவ்வாறு திருத்தலாம் என விளக்கித் தாமே செய்து காட்டுவார். மாணவர் மீண்டும் செய்வார்.

"நீர் துறைமுகத்தில் நின்றீர், சரக்கு நனைந்ததையும் கண்டீர் அல்லவா?" என்று இரு கேள்விகளை ஒன்றாக்கினால், சாட்சி எதற்கு விடை சொல்வார்? இவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதாது.