சின்ன நாயின் தீராத வயிற்றோட்டம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருக்களில் மீன்கழிவுக்குக் குறைவில்லை. நாய்களின் வயிறு கெட அதுவே போதும். போரில் உறவுகளை இழந்த எனக்கு ஐந்து கிலோ நாய்தான் துணை.

மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வயிற்றோட்டம். குடற்புழு, உணவு ஒவ்வாமை, கணையக் கோளாறு எதுவும் காரணமாகலாம். ஆகவே முதலில் மலப் பரிசோதனை. கழியும் நாட்களில் தோல், எலும்பு நீக்கி அவித்த கோழியும் குழைந்த சோறும் நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். சொதி, பால், வெங்காயம் இல்லை. புது உணவுக்கு ஏழு நாளில் படிப்படியாக மாற்றுகிறேன். பனடோல் கொடுக்கவே கூடாது.

பிடரித் தோலை இழுத்துவிட்டுப் பாருங்கள். உடனே படியாவிட்டால் உடலில் நீர் வற்றுகிறது. அப்போதும், மலத்தில் இரத்தம் கண்டாலும், அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள்.