ஓர் ஆட்டக்காரர் காயமடைந்தால் அணி ஏன் தடுமாறுகிறது?

2024 மே 5 அன்று மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா பேரங்காடியில் சிலாங்கூர் அணியின் காற்பந்து வீரர் ஃபைசால் ஹலிம் மீது எரிதிராவகம் வீசப்பட்டது. தோலைத் தாண்டி உள்ளே இறங்கிய நான்காம் நிலைக் காயம். ஐந்து நாளில் பருவத்தின் முதல் ஆட்டம். சிலாங்கூர் களமிறங்கவில்லை, 0-3 தோல்வி பதிவானது.

புண் ஆறினாலும் உடனே ஏன் ஆட முடியாது? தழும்பு இறுகி, கழுத்தையும் தோளையும் திருப்பவிடாமல் இழுக்கும். ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் மீண்டும் முளைப்பதில்லை. கோலாலம்பூர் வெக்கையில் ஓடுபவருக்கு இது சாதாரண இழப்பா?

அணிக்கும் அடி விழும். ஃபைசால் போன்ற வேகமான விங்கரை, அதாவது ஓரத்தில் ஓடித் தாக்கும் வீரரை, மடக்க எதிரணி இருவரை நிறுத்தும். அவர் இல்லையென்றால் அந்த இருவரும் மற்றவர்களை அடைக்க வந்துவிடுவார்கள். நடுவே கிடைத்த இடைவெளி மூடிவிடும்.

ஃபைசால் மீண்டு வந்து ஆடினார். சிலாங்கூர் அந்தப் பருவத்தை இரண்டாம் இடத்தில் முடித்தது.